நல்ல ரகத்தைக் கெடுக்காமல் ஒரு குணத்தைச் சேர்ப்பது

"வெள்ளத்தைத் தாங்கும் மரபணு கண்டுபிடிப்பு" என்று செய்தி வரும். பலருக்கும் அதோடு கதை முடிந்துவிடும். அந்த மரபணு உழவர்கள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிடும் ஒரு ரகத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த ரகத்தின் விளைச்சல், வயது, உயரம், சோற்றின் பக்குவம் எதுவும் குலையவும் கூடாது. இதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதுபவர்கள் குறைவு. பயிர் உயிரித் தொழில்நுட்பத்தில் உழைப்பின் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் கரைகிறது. தோல்விகளில் பெரும்பாலானவையும் இங்கேதான் நடக்கின்றன. ஆகவே இந்தக் கட்டுரை மரபணு கையில் கிடைத்த பிறகு நடப்பதைப் பற்றியது.

நெல்லின் குரோமோசோமில், வெள்ளம் தாங்கும் குணம் அமைந்த சப்1 என்ற இடத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண நெற்பயிர் முழுதாக மூழ்கினால் செடிக்குள் எத்திலீன் தேங்கும். அது ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் வேலையை முடுக்கிவிடும். நீர்மட்டத்துக்கு மேலே தலைகாட்ட இலையும் தண்டும் விறுவிறுவென்று நீளும். அந்த ஓட்டத்தில் சேமித்து வைத்த மாவுச்சத்தெல்லாம் செலவாகிவிடும். நீர் வடியும்போது பயிர் நிற்கத் தெம்பில்லாமல் துவண்டு விழுந்து அழுகும். ஒடிசாவின் பழைய ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர்13ஏ இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, கையிருப்பைக் காத்து, நீர் வடிந்ததும் புதிய இலை விடுகிறது. ஏறத்தாழ இரண்டு வாரம் வரை இப்படித் தாங்கும். கென்னாங் சூவும் டேவிட் மக்கிலும் இந்தக் குணத்தின் இடத்தை 1996இல் 9ஆம் குரோமோசோமில் குறித்தார்கள். பமீலா ரொனால்டு, ஜூலியா பெய்லி-செரஸ் ஆகியோரும் சேர்ந்த குழு, அங்கே இருக்கும் சப்1ஏ என்ற மரபணுதான் காரணம் என்று 2006இல் வெளியிட்டது. ஜிப்பரெல்லினின் தூண்டுதலை அடக்கும் புரதங்களை அது கூட்டிவைக்கிறது. செடி நீளாமல் இருப்பதன் ரகசியம் அதுதான்.

எஃப்ஆர்13ஏ உயரமான செடி, விளைச்சல் குறைவு, அரிசியின் தரமும் விருப்பத்துக்குரியதல்ல. அதை நேராக ஒரு நல்ல ரகத்தோடு கலந்தால் வெள்ளம் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் வந்து சேரும். மூழ்கலைத் தாங்கும் வரிசைகள் (கலப்பில் பிறந்த சோதனை ரகங்கள்) சப்1ஏவின் அடையாளம் தெரிவதற்கு வெகு முன்பே உருவாகிவிட்டன. ஆனால் உழவர்கள் அவற்றைத் தேடி வாங்கவில்லை. அதனால் வழி மாறியது: இந்தியாவிலும் வங்கதேசத்திலும் பெரும்பரப்பில் விளையும் சுவர்ணாவை அப்படியே வைத்துக்கொண்டு அந்த ஒரு துண்டை மட்டும் உள்ளே நுழைப்பது. கொடையாளியாக எஃப்ஆர்13ஏவையே எடுக்காமல், அதிலிருந்து முன்பே உருவாக்கிய குட்டை வரிசையை எடுத்தார்கள். இது சின்ன முடிவாகத் தெரியலாம். ஆனால் பாதி அழுக்கு வெளுத்த துணியைத் துவைப்பது போல, பின்னால் வரும் வேலை அதனால் வெகுவாகக் குறைகிறது.

முறையின் பெயர் மார்க்கர் வழிப் பின்கலப்பு. மார்க்கர் என்பது குரோமோசோமில் ஓர் இடம் எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்று காட்டும் டிஎன்ஏ அடையாளம். கொடையாளியையும் சுவர்ணாவையும் கலந்து, பிறந்த செடியை மறுபடி சுவர்ணாவோடு, அதன் சந்ததியை மறுபடி சுவர்ணாவோடு என்று கலந்துகொண்டே போவது. முதல் கலப்பில் சுவர்ணாவின் பங்கு பாதி. முதல் பின்கலப்பில் சராசரி 75%, இரண்டாவதில் 87.5%, மூன்றாவதில் 93.75%, ஆறாவதில் சுமார் 99.2%. கண்ணை மூடிக்கொண்டு செய்தால் ஆறு தலைமுறை ஆகும். ஒவ்வொரு தலைமுறையிலும் டிஎன்ஏவைப் பார்த்துச் சுவர்ணாவின் பங்கு அதிகமுள்ள செடிகளைப் பொறுக்கினால் இரண்டு அல்லது மூன்று தலைமுறையிலேயே அந்த நிலைக்கு அருகில் போகலாம்.

ஆனால் இந்தச் சராசரிக் கணக்கு ஒரு பொறியை மறைக்கிறது. அது முழு மரபுத் தொகுதிக்கான சராசரி. நாம் விரும்பும் மரபணு உட்கார்ந்திருக்கும் குரோமோசோமில் நிலைமை வேறு. அந்த மரபணுவைக் கொண்ட செடியைத்தான் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கிறோம் என்பதால், அதன் இருபுறமும் ஒட்டியிருக்கும் கொடையாளியின் நீண்ட துண்டும் கூடவே வந்துகொண்டிருக்கும். தக்காளியில் 1989இல் யங், டாங்க்ஸ்லி இருவரும் இதை அளந்து காட்டினார்கள். 11 முறை பின்கலப்பு செய்த ஒரு ரகத்தில்கூட, நோய் எதிர்ப்பு மரபணு இருந்த குரோமோசோமின் ஒரு கை முழுவதும் காட்டுத் தக்காளியுடையதாகவே இருந்தது. குரோமோசோமில் மரபணுக்களின் இடைவெளியை அளக்கும் அலகு சென்டிமார்கன். நெல்லில் ஒரு சென்டிமார்கன் தூரம் என்பது சராசரியாக 2.5 லட்சம் காரமூல இணைகள். அதில் ஏறத்தாழ 25 மரபணுக்கள் இருக்கலாம். இருபுறமும் 20 சென்டிமார்கன் ஒட்டிக்கொண்டு வந்தால் எவ்வளவு வேண்டாத சரக்கு என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இந்த வாலை வெட்ட ஒரே வழி, மரபணுவுக்கு மிக அருகில் குறுக்குமாற்றம் (இணைக் குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடந்த செடியைத் தேடிப் பிடிப்பது. ஒரு பக்கத்தில் 1 சென்டிமார்கனுக்குள் குறுக்குமாற்றம் நடக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. செடியில் மரபணு இருக்கும் வாய்ப்பு பாதி. இரண்டையும் சேர்த்தால் இருநூறில் ஒன்று. அப்படி ஒரு செடியாவது 95% உறுதியோடு கிடைக்க வேண்டுமென்றால் 598 செடிகளைச் சோதிக்க வேண்டும். இருபுறமும் ஒரே தலைமுறையில் வெட்டுப்பட வேண்டுமென்று எதிர்பார்த்தால், மரபணு உள்ள செடிகளில் பத்தாயிரத்தில் ஒன்று. அது நடக்காத காரியம். ஆகவே முதல் பின்கலப்பில் ஒரு பக்கம், இரண்டாவதில் மறுபக்கம் என்று பிரித்துக்கொள்வதே முறை. பணம் குறைவு என்று முதல் பின்கலப்பில் 30 அல்லது 40 செடிகளோடு நிறுத்திக்கொள்ளும் திட்டங்கள் உண்டு. அங்கே மிச்சம்பிடித்த தொகை பிறகு வயலில் விளைச்சல் குறைவாகத் திரும்பி வரும். செலவைக் குறைக்க வேறு இடம் இருக்கிறது: 600 செடிகளையும் முதலில் அந்த மரபணுவின் மார்க்கருக்கு மட்டும் பார்த்துப் பாதியைக் கழிக்கலாம், மீதியைப் பக்கத்து மார்க்கர்களுக்குப் பார்க்கலாம், அதிலும் தேறிய சில செடிகளில் மட்டும் 12 குரோமோசோம்களையும் அலசலாம்.

மார்க்கர் தேர்விலும் கவனம் வேண்டும். சுவர்ணாவில் சப்1ஏ மரபணு இல்லாமல் இல்லை. வெள்ளம் தாங்காத வேறொரு வடிவம் இருக்கிறது. "மரபணு உண்டா இல்லையா" என்று மட்டும் காட்டும் பிசிஆர் சோதனை (ஒரு டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் காட்டும் சோதனை) இங்கே எல்லாச் செடிகளுக்கும் "உண்டு" என்று சொல்லிவிடும். இரு வடிவங்களையும் பிரித்துக் காட்டும் மார்க்கர் தேவை. இரண்டும் கலந்திருக்கும் செடியையும் அது தனியாகக் காட்ட வேண்டும். வேலையைத் தொடங்குமுன் இரு பெற்றோரின் டிஎன்ஏவையும், இரண்டையும் சமமாகக் கலந்த மாதிரி ஒன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டால் இந்த விபத்து நேராது.

டிஎன்ஏ எடுப்பது எளிய வேலைதான். இளம் இலையாக இருந்தால் போதும், முற்றிய இலையில் கூட்டுச்சர்க்கரை மிகுந்து பிசிஆரைத் தடுக்கும். 2% சிடாப் (செல்லை உடைக்கும் சோப்புப் பொருள்), 1.4 மோலார் உப்பு, 100 மில்லிமோலார் டிரிஸ், 20 மில்லிமோலார் ஈடிடிஏ கலந்த கரைசலில் 65 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, குளோரோஃபார்மால் புரதத்தைப் பிரித்து, ஐசோபுரோப்பனாலில் வீழ்படியவைத்து, 70% எத்தனாலில் கழுவ வேண்டும். எத்தனால் முழுதும் உலரவில்லை என்றாலும் பிசிஆர் வராது. புதியவர்கள் டிஎன்ஏ சரியில்லை என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள்.

அதைவிடக் கைத்திறன் கேட்பது கலப்பு. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர், பூ திறக்கும் நேரத்திலேயே தன் மகரந்தத்தை ஏற்றுக்கொண்டுவிடும். ஆகவே முந்தின நாள் மாலையிலேயே ஆண்மை நீக்கம் செய்ய வேண்டும். பூவின் உமியை மேலே மூன்றில் ஒரு பங்கு சாய்வாக வெட்டி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் நுனிக் குறட்டால் எடுத்து, கதிரைக் காகிதப் பையால் மூட வேண்டும். மறுநாள் முற்பகலில், ஆண் பெற்றோரின் பூக்கள் திறக்கும் வேளையில் அதன் கதிரை இதன் மேலே உதறி மறுபடி மூட வேண்டும். ஒரு மகரந்தப்பை உடைந்து உள்ளேயே தங்கினாலும் அந்த விதை கலப்பு விதையாக இருக்காது. வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே முதல் கலப்புச் செடிகளை மார்க்கரால் சரிபார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகவே கூடாது. ஒரு பருவம் முழுக்க வீணாகிவிடும்.

கடைசிப் பின்கலப்புக்குப் பிறகு செடியைத் தன்னோடு சேரவிட்டால் நான்கில் ஒன்றில் மரபணு இரட்டையாக நிலைக்கும். 16 செடிகள் இருந்தால் அப்படி ஒன்றாவது இருக்கும் என்று 99% நம்பலாம். ஒரே நேரத்தில் மூன்று மரபணுக்கள் என்றால் 64இல் ஒன்று. அதே உறுதிக்கு 293 செடிகள் வேண்டும். பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்காக சாம்பா மசூரியில் இப்படி மூன்றைச் சேர்த்தார்கள்: ஒரைசா லாங்கிஸ்டாமினாட்டா என்ற காட்டு நெல்லிலிருந்து வந்த எக்ஸ்ஏ21, கூடவே எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5. அந்த மேம்பட்ட சாம்பா மசூரி 2008இல் வெளிவந்தது. மூன்று எதற்கு? ஒரே ஒரு எதிர்ப்பு மரபணுவை நோய்க்கிருமி சில ஆண்டுகளில் தாண்டிவிடலாம், மூன்றையும் ஒருசேரத் தாண்டுவது அரிது. மேலும் 13, 5 இரண்டும் ஒடுங்கு குணங்கள், இரட்டையாக இருந்தால்தான் வெளிப்படும். எக்ஸ்ஏ21 செடியைக் காத்துக்கொண்டிருக்கும்போது மற்ற இரண்டும் உள்ளே இருக்கின்றனவா என்பதை நோயைத் தெளித்துப் பார்த்துச் சொல்ல இயலாது. மார்க்கர் இல்லாமல் அந்த ரகம் வந்திருக்காது என்றே சொல்வேன்.

இத்தனையும் அந்தக் குணம் அதே பயிர் இனத்திலோ அதன் உறவினத்திலோ இருந்தால்தான். நெல்மணியின் உள்மாவில் பீட்டா கரோட்டின் உண்டாக வேண்டுமென்றால் கலப்புக்கு ஏற்ற ரகம் எங்கும் இல்லை. அங்கேதான் மரபணுவை வெளியிலிருந்து செலுத்த வேண்டியிருக்கிறது. இங்கோ பொட்ரிக்கஸ், பீட்டர் பேயர் குழு 2000இல் காட்டிய பொன்னரிசியில் டாஃபோடில் மலரின் மரபணுக்களும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவும் இருந்தன. கிராமுக்கு 1.6 மைக்ரோகிராம் கரோட்டினாய்டு கிடைத்தது. 2005இல் டாஃபோடிலுக்குப் பதில் மக்காச்சோளத்தின் மரபணுவை வைத்தபோது அது 37 மைக்ரோகிராம் வரை ஏறியது. கரோட்டின் உண்டாகும் பாதை ஒன்றேதான். அதில் மிகவும் பின்தங்கியிருந்த படியை வேகமான நொதியால் மாற்றியதே அவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தந்தது.

நெல்லுக்குள் மரபணுவைச் செலுத்தப் பெரும்பாலும் அக்ரோபாக்டீரியம்தான் வாகனம். அது தன் டிஎன்ஏவின் ஒரு துண்டைச் செடிக்குள் செலுத்தும் மண் பாக்டீரியா. உமி நீக்கிய விதையை 70% எத்தனாலில் ஒரு நிமிடம், 2.5% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் அரை மணி நேரம் வைத்து, நுண்ணுயிர் நீக்கிய நீரில் ஐந்து முறை அலசி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் 2,4-டி என்ற செயற்கை ஹார்மோன், 30 கிராம் சர்க்கரை கொண்ட என்6 ஊடகத்தில் வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் முளைக்கருவிலிருந்து கேலஸ் (உருவமற்ற திசுத் திரள்) திரளும். வெளிர் மஞ்சளாக, உலர்ந்து, உருண்டையாக, ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் அளவில் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். நீர்கோத்து வழவழப்பாக இருப்பது வேண்டாம், பழுப்பேறியதும் வேண்டாம். பாக்டீரியாவோடு மூன்று நாள் இருட்டில், 25 டிகிரியில் வைக்க வேண்டும். அந்த ஊடகத்தில் அசிட்டோசிரிங்கோன் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம், பிஎச் 5.2. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காயம்பட்ட இருவித்திலைச் செடிகள் தாமே சுரந்து பாக்டீரியாவை அழைக்கும் பொருள் அசிட்டோசிரிங்கோன். நெல் அதைப் போதிய அளவு சுரப்பதில்லை, நாம்தான் ஊற்ற வேண்டும். அந்த அழைப்பை பாக்டீரியா அமிலத் தன்மையில்தான் நன்றாகக் கேட்கும். வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் டிஎன்ஏவைக் கடத்தும் அதன் பொறியமைப்பு தளர்ந்துவிடும். ஊடகம் கொதிக்கும்போது அசிட்டோசிரிங்கோனைக் கலப்பதும், கேலஸை வடிதாளில் ஒற்றாமல் ஈரத்தோடு வைத்துப் பாக்டீரியாவை மண்டவிடுவதும்தான் அன்றாடம் காணும் தவறுகள்.

பிறகு பாக்டீரியாவைக் கொல்ல செஃபோடாக்சிம், மரபணு ஏறாத திசுவைக் கொல்ல லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஹைக்ரோமைசின். பிழைத்த கேலஸ் எல்லாம் வெற்றி என்று எண்ணக் கூடாது. பக்கத்துத் திசுவின் நிழலில் ஒதுங்கித் தப்பியவையும் அதில் இருக்கும். இலையில் பாக்டீரியா மிச்சமிருந்தாலும் பிசிஆர் "உண்டு" என்றே காட்டும். பாக்டீரியாவில் மட்டும் இருக்கும் ஒரு மரபணுவுக்கும் சேர்த்துச் சோதித்து, அது வரவில்லை என்று பார்த்த பிறகே நம்பலாம். நெல்லின் இரு பெரும் பிரிவுகளில் ஜப்போனிகா இந்த வழியில் எளிதாக வளைந்துகொடுக்கும். இண்டிகா ரகங்கள் பல அப்படி இல்லை. கேலஸ் கிடைக்கும், ஆனால் செடியாகத் திரும்பாது. அல்லது பச்சையமற்ற வெள்ளைச் செடி வரும். விதைக்குப் பதில் இளம் முளைக்கருவை எடுப்பது பல இண்டிகாக்களில் பலன் தருகிறது.

செலுத்திய மரபணு எந்த இடத்தில் போய் உட்காரும் என்பது நம் கையில் இல்லை. இப்படி நடக்கும் ஒவ்வொரு தனிச் செருகலையும் "நிகழ்வு" என்பார்கள். பொன்னரிசியின் ஜிஆர்2ஆர்1 என்ற நிகழ்வைச் சுவர்ணாவுக்குள் கொண்டுபோனபோது செடிகள் குட்டையாகி, வெளிறி, விளைச்சல் சரிந்தது. ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனை வேருக்குள் கொண்டுசெல்லும் ஓஎஸ்ஆக்ஸ்1 மரபணுவை அந்தச் செருகல் உடைத்திருந்ததே காரணம் என்று 2017இல் தெரிந்தது. கரோட்டின் பாதையில் பிழை ஏதுமில்லை, உட்கார்ந்த இடம் தவறு. பிலிப்பைன்ஸில் 2021இல் பயிரிட ஒப்புதல் பெற்றது ஜிஆர்2இ என்ற வேறொரு நிகழ்வு. அந்த ஒப்புதலையும் 2024இல் அந்நாட்டு நீதிமன்றம் ரத்துசெய்தது. ஒரே கட்டமைப்பை வைத்து நூற்றுக்கணக்கான செடிகளை உண்டாக்கி, ஒற்றைச் செருகல் உள்ளவற்றை எடுத்து, செருகலின் இருபுறமும் உள்ள டிஎன்ஏவை வாசித்து, அது வேறு மரபணுவுக்குள் விழவில்லை என்று உறுதிசெய்வது தொடக்கத்திலேயே செய்ய வேண்டிய வேலை. வயலில் தெரிந்துகொள்வதற்குள் பல ஆண்டுகள் போய்விடும்.

மரவள்ளியில் நடந்தது இன்னும் நுட்பமானது. ஆப்பிரிக்க மரவள்ளி ரகங்கள் சிலவற்றுக்குத் தேமல் நோயைத் தாங்கும் சிஎம்டி2 என்ற இயல்பான எதிர்ப்பு உண்டு. பழுப்புக்கோடு நோய்க்கு எதிரான மரபணுவைச் சேர்க்கத் திசுவிலிருந்து கருவுருக்களை உண்டாக்கிச் செடியாக்கியபோது, அந்தச் செடிகள் தேமல் நோய்க்குப் பலியாயின. மரபணு எதுவும் செலுத்தாமல் வெறும் திசு வளர்ப்பில் வந்து நின்ற செடிகளும் அப்படியே. திசு வளர்ப்பே அந்த எதிர்ப்பை அழித்துவிட்டது என்று 2016இல் வெளியானது. எதிர்ப்பின் வேர் டிஎன்ஏ பாலிமரேஸ் டெல்டாவின் ஒரு துணையலகில் இருக்கும் திடீர்மாற்றங்கள் என்று 2022இல் காட்டினார்கள். இதனால்தான், மரபணு செலுத்தாமல் திசு வளர்ப்பு மட்டும் கண்ட செடிகளையும், திசு வளர்ப்பே காணாத மூல ரகத்தையும் ஒவ்வொரு சோதனையிலும் அருகருகே நட வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் பழி மரபணு மேல் விழும். இரண்டாவது இல்லாவிட்டால் இழப்பே கண்ணுக்குத் தெரியாது.

மரபணுவைத் திருத்தும் கருவியான கிரிஸ்பர் வந்த பிறகு "இடம்" என்ற சிக்கல் பெரிதும் தீர்ந்தது. காஸ்9 நொதி நாம் சொல்லும் இடத்தில் வெட்டும். பல வேளைகளில் அந்தக் கத்தியைக் கொண்டுவந்த மரபணுவைச் சந்ததியில் விலக்கிவிடலாம். தாய்ச்செடியில் திருத்தம் மரபணுவின் ஒரு நகலில் மட்டும் இருந்து, கத்தியும் ஒரே இடத்தில் செருகியிருந்தால், திருத்தம் இரட்டையாகி, கத்தி நீங்கிய செடி 16இல் ஒன்று. 72 செடிகளைப் பார்த்தால் அப்படி ஒன்று 99% உறுதி. கத்தி உள்ளே இருக்கும்வரை புதிய வெட்டுகள் விழுந்துகொண்டே இருக்கலாம். முதல் தலைமுறையின் ஒரு இலையில் கண்ட திருத்தம் கதிருக்குள் போகாமலும் இருக்கலாம். ஆகவே முதல் தலைமுறையின் முடிவை வைத்துக் கொண்டாடக் கூடாது. இந்தியாவில் 2025 மே மாதம் அறிவித்த இரு திருத்த நெல் ரகங்களில் ஒன்றான "டிஆர்ஆர் தான் 100", சாம்பா மசூரியில் சைட்டோகைனின் என்ற ஹார்மோனைச் சிதைக்கும் ஒரு நொதியின் மரபணுவைத் திருத்தியது. சைட்டோகைனின் கூடினால் கதிரில் மணி கூடும். ஆனால் மணி எண்ணிக்கை மட்டும் கூடி, அதை நிரப்ப இலையின் உழைப்பு போதாவிட்டால் பதர்தான் மிஞ்சும். எனவே இப்படிப்பட்ட ரகத்தை மதிப்பிடும்போது மணிகளை எண்ணுவதோடு ஆயிரம் மணி எடையையும் நிரம்பிய மணிகளின் விகிதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கோதுமை இன்னொரு வகையில் கடினம். அதில் மூன்று மரபுத் தொகுதிகள் இருப்பதால் ஒரே மரபணு ஆறு நகல்களாக நிற்கும். சாம்பல் நோயை வரவேற்கும் எம்எல்ஓ மரபணுவின் எல்லா நகல்களையும் உடைத்து, நோய் தாங்கும் கோதுமையை 2014இல் சீனாவில் உருவாக்கினார்கள். நோய் வரவில்லை, ஆனால் இலை சீக்கிரம் முதிர்ந்து விளைச்சல் அடிவாங்கியது. ஒரு செடியில் மட்டும் 3.04 லட்சம் காரமூலங்கள் கொண்ட பெரிய துண்டு விழுந்துபோய், பக்கத்தில் இருந்த டிஎம்டி3 மரபணு கூடுதலாக வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அதன் வளர்ச்சி குன்றவில்லை. அது 2022இல் வெளியானது. உடைப்பதால் வரும் பக்கவிளைவுக்கு மருந்து வேறோர் இடத்தில் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

சப்1க்கே திரும்புவோம். 2009இல் இந்தியாவில் வெளியான சுவர்ணா-சப்1, வெள்ளம் வராத வயலில் சுவர்ணாவுக்குச் சமமாக விளையும். பின்கலப்பு சரியாகச் செய்ததன் சான்று அது. ஆனால் அதன் எல்லையும் தெளிவு. வாரக்கணக்கில் பாதியளவு நீர் தேங்கி நிற்கும் நிலத்தில் அது உதவாது, அங்கே நீளாமல் இருப்பதே பாதகம். விதைத்த உடனே நீர் ஏறினால் முளைக்க வைப்பதற்கும் சப்1க்கும் தொடர்பில்லை. கலங்கிய சேற்று நீரில் வெளிச்சம் குறைவதால் பிழைப்பும் குறையும். நீர் வடிந்த அன்றே யூரியா போடக் கூடாது. புது இலை தலைகாட்டும்வரை சில நாள் பொறுத்துப் போடுவதே பயிருக்கு நல்லது.

சுவர்ணாவுக்கும் சுவர்ணா-சப்1க்கும் செடியில் வேறுபாடு தெரியாது, உமியைப் பார்த்தால் தெரியும். சுவர்ணாவின் உமி பொன்னிறம், சுவர்ணா-சப்1இன் உமி வைக்கோல் நிறம். உமியின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணு சப்1ஐ ஒட்டியே இருப்பதால், கொடையாளியின் அந்த நிறம் கூடவே வந்துவிட்டது. அரிசியில் இதனால் மாற்றமில்லை. விதை மூட்டையில் சுவர்ணா கலந்துவிட்டதா என்று பார்க்க ஆய்வகம் போக வேண்டியதில்லை. ஒரு பிடி நெல்லை அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பினால் பொன்னிற மணிகள் தனியே தெரியும். விதை உற்பத்தி வயலில் கதிர் முற்றும்போது பொன்னிறக் கதிர் தென்பட்டால் அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்துவிடலாம்.